கோலின் கூடினால் கிரேடும் கூடுமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 42 வயது. வலிப்பு வந்து எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி ரிப்போர்ட்டில், “கோலின் - என்.ஏ.ஏ. விகிதம் 3.1, ஹை கிரேடு கிளியோமாவாக இருக்கலாம்” என்று போட்டிருக்கிறார்கள். இதை வைத்தே பயாப்ஸி இல்லாமல் சிகிச்சை தொடங்க முடியாதா? (வாசகர், தென்காசி)

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்பித் தொடங்கக் கூடாது. ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி என்பது எம்.ஆர்.ஐ. மெஷினிலேயே மூளைத் திசுவின் வேதிப்பொருள்களை அளக்கும் சோதனை. ஒவ்வொரு பொருளும் வரைபடத்தில் தனக்குரிய இடத்தில் ஒரு முனையாகத் தெரியும், அந்த இடத்தைக் குறிக்கும் அலகு பி.பி.எம். கிளியோமா என்பது மூளையின் துணைச் செல்களில் தோன்றும் கட்டி, ஹை கிரேடு என்றால் வேகமாக வளர்வது. கட்டி வேகமாக வளரும்போது செல் சவ்வுகள் உருவாவதும் சிதைவதும் கூடும், 3.2 பி.பி.எம். அருகே, சவ்வுப் பொருளான கோலினின் முனை உயரும். 2.0 அருகே இருக்கும் என்.ஏ.ஏ. நரம்பணுக்களுக்கு உரியது, அவை அழிய அழியத் தாழும். விகிதம் 2-ஐத் தாண்டினால் பலர் ஹை கிரேடு என்று சந்தேகிப்பார்கள். ஆனால் அந்த எல்லைக்கோடு மெஷினுக்கு மெஷின் மாறும்.

முதலில் பார்க்க வேண்டியது, அளவெடுத்த பெட்டியை, அதாவது வாக்ஸலை, எங்கே வைத்தார்கள் என்பதுதான். வழக்கமாக அது பக்கத்துக்கு 2 செ.மீ., அதாவது 8 மி.லி. கட்டியின் செத்துப்போன நடுப்பகுதியில் வைத்தால் கோலின் குறைந்து, லிப்பிடும் (கொழுப்பு) ஆக்சிஜன் குறைந்தால் சேரும் லாக்டேட்டும் மட்டுமே நிற்கும். மிகக் கொடிய கிளியோமாவான கிளியோபிளாஸ்டோமாகூட அந்த விகிதத்தில் சாதுவாகத் தெரியும். மண்டையோட்டை ஒட்டி வைத்தால் தலைத்தோல் கொழுப்பு நுழைந்து பொய் லிப்பிட் காட்டும். ரத்தக்கசிவோ சுண்ணாம்புப் படிவோ இருந்தால் ஷிம்மிங் (காந்தப்புலத்தைச் சீராக்குவது) சரியாக அமையாமல் முனைகள் அகன்று, கோலினும் 3.0-இல் உள்ள கிரியாட்டின் என்ற பொருளும் ஒட்டிக்கொள்ளும். அந்த வரைபடத்தில் விகிதம் கணக்கிடுவதே வீண். டி.இ., அதாவது சிக்னலைப் பதிவதற்கு முன் காத்திருக்கும் நேரம், 144 மில்லிசெகண்டாக வைத்து எடுத்திருந்தால் 1.3-இல் லாக்டேட் தலைகீழாகத் தொங்கும், லிப்பிட் தொங்காது. இரண்டையும் பிரிக்க அது ஒரு வழி.

எல்லாம் சரியாக எடுத்தாலும் ஏமாற்றும் கட்டிகள் உண்டு. மெதுவாக வளரும் கட்டிகளான கிரேடு 2 ஆலிகோடென்ட்ரோகிளியோமாவிலும், கிரேடு 1 பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமாவிலும்கூட கோலின் ஏறும். மேலும், 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் ஐ.டி.எச்., 1பி/19க்யூ, சி.டி.கே.என்.2ஏ/பி போன்ற மரபணு மாற்றங்களும் பார்க்கப்படுகின்றன. அவற்றுக்குத் திசு வேண்டும், அதாவது பயாப்ஸி வேண்டும்.

ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி நன்றாக உதவுவது வேறு இடத்தில்: மல்டி வாக்ஸல், அதாவது பல பெட்டிகளில் அளவு எடுத்து, கோலின் மிக அதிகமுள்ள இடத்தில் பயாப்ஸி ஊசியை இறக்கச் சொல்லலாம். எனவே ரிப்போர்ட் தாளோடு ஸ்கேன் படங்கள் பதிந்த சி.டி. தட்டையும் நியூரோசர்ஜனிடம் கொடுங்கள்.

கேள்வி: காசநோய்க் கட்டியை இதே சோதனையில் பிரித்தறிய முடியுமா? (வாசகர், வேலூர்)

பதில்: ஓரளவுக்கு. டியூபர்குலோமாவில், அதாவது காசநோய்க் கட்டியில், 0.9 முதல் 1.3 வரை லிப்பிட் முனை ஓங்கி நிற்கும், என்.ஏ.ஏ. இருக்காது. சிலவற்றில் கோலினும் ஏறிக் கிளியோமா போலக் குழப்பும். சாதாரண பாக்டீரியா சீழ்க்கட்டி என்றால் 0.9-இல் அமினோ அமிலங்கள், 1.9-இல் அசிட்டேட், 2.4-இல் சக்ஸினேட் தெரியலாம். காசநோய்ச் சீழில் அமினோ அமிலங்கள் பொதுவாகத் தெரியாது.