ஓசூர் இன்ஜினியர், தர்மபுரி நர்ஸ்: பி.ஆர். விண்ணப்பம் யார் பெயரில்?

கேள்வி: எனக்கு 34 வயது. பி.இ. மெக்கானிக்கல். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஒன்பது ஆண்டுகளாக வேலை. முதல் மூன்று ஆண்டு கான்ட்ராக்டரின் சம்பளத்தில் இருந்தேன், பிறகுதான் கம்பெனி ரோலில் எடுத்தார்கள். மனைவிக்கு 31 வயது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸ். நான்கு வயதில் மகள். கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி மூன்றில் எங்கே பி.ஆர். (நிரந்தர வசிப்பு உரிமை) கிடைக்கும்? பெங்களூரில் ஒரு கன்சல்டன்சியில் "கனடா பி.ஆர். உறுதி" என்று மூன்றரை லட்சம் கேட்கிறார்கள். பாலக்கோட்டில் அப்பா பெயரில் இருக்கும் மாந்தோப்பை அடமானம் வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: மாந்தோப்பைத் தொடாதீர்கள். அந்த மூன்றரை லட்சத்தையும் கட்டாதீர்கள். காரணத்தைக் கீழே கணக்கோடு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி உங்களைப் பற்றி, இரண்டே வரிதான் மனைவியைப் பற்றி. என் பார்வையில் உங்கள் குடும்பத்தின் பி.ஆர். அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது. எந்த நாடு என்று கேட்பதற்கு முன், விண்ணப்பம் யார் பெயரில் என்று முடிவு செய்ய வேண்டும். நம் பக்கத்தில் ஆண்தான் முதன்மை விண்ணப்பதாரர், மனைவி கூடப் போகிறவர் என்று கேட்காமலே எழுதிவிடுகிறார்கள். கன்சல்டன்சியிலும் அப்படித்தான் படிவம் நிரப்பியிருப்பார்கள்.

கனடாவில் இருந்து தொடங்குவோம், அவர்கள் விற்பது அதுதானே. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது கனடா பி.ஆர்.-க்கு ஆள் எடுக்க 2015 ஜனவரியில் வந்த முறை. 1,200-க்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தி, மேலே இருப்பவர்களை மட்டும் அழைப்பார்கள். நீங்கள் முதன்மை விண்ணப்பதாரர் என்றால், வயதுக்கு 75, பட்டத்துக்கு 112. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் கேட்டல் 8, மற்ற மூன்றும் 7 எடுத்தால் ஆங்கிலத்துக்கு 116. மனைவியின் படிப்புக்கு 8, அவர் ஆங்கிலம் சுமாராக இருந்தால் 12. உங்கள் படிப்பு, கனடாவுக்கு வெளியே பெற்ற வேலை அனுபவம் இரண்டும் நல்ல ஆங்கிலத்தோடு சேர்வதற்கு 75. கூட்டினால் 398. அதே குடும்பத்தில் உங்கள் மனைவி முதன்மை என்றால் வயதுக்கு 90 கிடைத்து 413 வரும்.

2025-இல் மருத்துவப் பணிகளுக்கென்று தனியாக விட்ட அழைப்புகளே 460-க்கு மேல்தான் நின்றன. மெக்கானிக்கல் இன்ஜினியருக்கு 398-ஐ வைத்துக்கொண்டு "உறுதி" என்று எவரும் சொல்ல முடியாது. அங்கே வேலை தருகிறோம் என்ற வேலைக் கடிதம் வாங்கித் தந்து மதிப்பெண்ணை ஏற்றுகிறோம் என்றும் சிலர் சொல்வார்கள். வேலைக் கடிதத்துக்கான கூடுதல் மதிப்பெண்ணைக் கனடா 2025 மார்ச் 25-ஆம் தேதியோடு எடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் அந்தக் கதையைச் சொல்லிப் பணம் கேட்பவர் ஒன்று விவரம் தெரியாதவர், இல்லை தெரிந்தே ஏமாற்றுகிறவர். இன்னொன்று: பணம் வாங்கிக்கொண்டு கனடாவின் குடியேற்ற விண்ணப்பத்தைக் கையாளுகிற எவரும் அந்த நாட்டின் உரிமம் பெற்ற ஆலோசகராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். பெங்களூரில் அலுவலகம் வைத்திருந்தாலும் அதே விதிதான். உரிம எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் மாந்தோப்பு. கனடா கேட்கும் கையிருப்புப் பணம், மூன்று பேர் குடும்பத்துக்கு 2025 ஜூலை நிலவரப்படி 23,360 கனடா டாலர், ஏறத்தாழ 15 லட்சம் ரூபாய். அது கடன் வாங்கிய பணமாக இருக்கக் கூடாது. நிலம், தோப்பு, வீடு இவற்றின் மதிப்பைக் காட்டவும் முடியாது. வங்கிக் கணக்கில் ஆறு மாதமாக இருந்து வந்த சொந்தச் சேமிப்பாக அது இருக்க வேண்டும். தோப்பை அடமானம் வைத்து அந்தப் பணத்தைக் கணக்கில் போட்டால் விண்ணப்பமும் நிற்காது, தோப்பும் போய்விடும்.

கனடாவில் உங்களுக்கு வழியே இல்லை என்று சொல்லவில்லை. ஒரு வழி இருக்கிறது, பிரெஞ்சு. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான தனி அழைப்பு 2025 மார்ச்சில் 379 வரை இறங்கியது. உங்கள் மனைவி பிரெஞ்சில் நான்கு திறனிலும் கனடாவின் அளவுகோலில் ஏழாம் நிலையை எட்டினால் கூடுதலாக 62 வந்து அவர் மதிப்பெண் 475 ஆகும். பிரெஞ்சுப் பிரிவிலும் மருத்துவப் பிரிவிலும் வாய்ப்பு வரும். ஆனால் அந்த நிலைக்கு ஒன்றரை ஆண்டு ஒழுங்காகப் படிக்க வேண்டும். இரவுப் பணி பார்த்துக்கொண்டு, நான்கு வயதுக் குழந்தையையும் பார்த்துக்கொண்டு முடியுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

சரி, ஆஸ்திரேலியா. இதில்தான் நான் நேரம் எடுத்துப் பேச விரும்புகிறேன்.

அங்கே பாயிண்ட் கணக்கில் தரும் விசா மூன்று. 189 என்பது எந்த மாநிலத்தையும் முதலாளியையும் சாராத நேரடி பி.ஆர். 190 என்பது ஒரு மாநிலம் உங்களைப் பரிந்துரைப்பது, அதற்கு 5 பாயிண்ட் கூடுதல், இதுவும் பி.ஆர். தான். 491 என்பது சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த பகுதிகளுக்கான ஐந்தாண்டு விசா, 15 பாயிண்ட் கூடுதல். அங்கே மூன்று ஆண்டு வாழ்ந்து, வேலை பார்த்து, வரிக் கணக்கு காட்டினால் 191 என்ற பி.ஆர்.-க்குப் போகலாம். "பகுதி" என்றதும் பொட்டல்காடு என்று நினைக்க வேண்டாம். அடிலெய்ட், பெர்த் எல்லாம் இதில் வரும்.

உங்கள் கணக்கு: வயது 25, பட்டம் 15, எட்டாண்டுக்கு மேல் அனுபவம் 15, ஐ.இ.எல்.டி.எஸ். எல்லாவற்றிலும் 7 எடுத்தால் 10, மனைவியின் தொழில் தகுதியை மதிப்பிட்டுத் தரும் தகுதிச் சான்றும் ஆங்கிலமும் இருந்தால் 10. மொத்தம் 75. மனைவியின் கணக்கு: வயது 30, பட்டம் 15, ஆறாண்டு அனுபவம் 10, ஆங்கிலம் 10, உங்கள் தகுதிச் சான்றுக்கு 10. அதுவும் 75. எண் ஒன்றுதான், ஆனால் மதிப்பு வேறு. 65 என்பது விண்ணப்பம் பதிவு செய்யத் தேவையான குறைந்தபட்சம் மட்டும்தான், அழைப்பு தொழிலுக்குத் தொழில் மாறும். சமீபத்திய சுற்றுகளில் நர்ஸ், ஆசிரியர் பணிகளுக்குக் குறைந்த எண்ணிலேயே அழைப்பு வந்தது. இன்ஜினியர்களுக்கு அதைவிட மேலே போக வேண்டியிருந்தது.

உங்கள் 75-இலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அந்த மூன்று கான்ட்ராக்ட் ஆண்டுகள். ஓசூர் சிப்காட்டில் இருந்து எனக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வேலை பார்த்தது கம்பெனியின் லைனில், சம்பளமும் பி.எஃப்.-உம் ஆள் சப்ளை செய்தவர் பெயரில். தகுதியை மதிப்பிடும் இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா அமைப்புக்கு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரோடு பி.எஃப்., வருமான வரி போன்ற வெளி ஆதாரமும் வேண்டும். கான்ட்ராக்டர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா? உங்களை எந்தக் கம்பெனிக்கு, என்ன வேலைக்கு அனுப்பினார் என்று லெட்டர்ஹெட்டில் தருவாரா? இல்லையென்றால் அனுபவம் ஆறாண்டாகக் குறைந்து, 15 என்பது 10 ஆகிவிடும். கனடாவில் மூன்றாண்டுக்கு மேல் எல்லாம் ஒரே எண் என்பதால் இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரியாது, இங்கே தெரியும்.

அடுத்து உங்கள் பதவிப் பெயர். "சூப்பர்வைசர்", "லைன் இன்சார்ஜ்" என்று கடிதத்தில் இருந்தால், மெக்கானிக்கல் இன்ஜினியர் என்று காட்ட, பெயரைவிட வேலை விவரம் முக்கியம். நம் பக்கத்துக் கல்லூரிகளில் படித்த பெரும்பாலானோர் மூன்று திட்டங்களை எடுத்து, அதில் தான் என்ன செய்தேன் என்று எழுதி அனுப்ப வேண்டியிருக்கும். ஃபிக்சர் நீங்கள் வடிவமைத்தீர்களா? ரிஜெக்‌ஷன் எதனால் வருகிறது என்று நீங்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தீர்களா? அதை எழுதுங்கள். "எங்கள் டீம் செய்தது" என்று எழுதினால் எடுபடாது. காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள். ஒருவருக்கு எழுதியதையே பெயர் மாற்றிப் பத்துப் பேருக்கு விற்கிறார்கள். நகல் என்று பிடிபட்டால் விண்ணப்பம் தள்ளுபடி, கூடவே மறுபடி விண்ணப்பிக்கத் தடை. ஒன்பது ஆண்டு நீங்கள் உழைத்த உழைப்பை உங்களைவிட நன்றாக எழுதக்கூடியவர் யாரும் இல்லை.

மனைவியின் பாதையும் சுலபமானதில்லை, ஆனால் எங்கே என்ன தடை என்பது தெளிவாகத் தெரியும். இந்தியாவில் படித்த நர்ஸ் முதலில் அங்கே நர்சாகப் பதிவு பெற வேண்டும். அதற்கு என்க்லெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வு, பெங்களூரிலேயே எழுதலாம். அதன் பிறகு அடிலெய்டில் நேரில் ஒரு செய்முறைத் தேர்வு. அதற்கு விமானச் செலவு, தங்கும் செலவு எல்லாம் உண்டு. பதிவு கிடைத்த பிறகுதான் குடியேற்றத்துக்கான தகுதிச் சான்று. நியூசிலாந்தில் பதிவு பெற்றும் ஆஸ்திரேலியப் பதிவுக்கு மாறலாம், இரு நாட்டுக்கும் அப்படி ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. நியூசிலாந்தும் பதிவு பெற்ற நர்ஸை, வேலை கையில் இருந்தால், நேரடியாக நிரந்தர வசிப்புக்கு எடுக்கும் பட்டியலில் வைத்திருக்கிறது. வேலை கிடைப்பதுதான் அங்கே இப்போது சிரமம்.

இதில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஆஸ்திரேலியாவில் 25 முதல் 32 வயது வரை 30 பாயிண்ட். 33 ஆனால் 25. அழைப்பு வரும் நாளில் இருக்கும் வயதைத்தான் பார்ப்பார்கள். உங்கள் மனைவி 33-ஆம் பிறந்தநாளுக்குள் தேர்வுகளை முடித்து அழைப்பும் வாங்க வேண்டும். இருப்பது ஒன்றரை, அதிகம் போனால் இரண்டு ஆண்டு. உங்களுக்கு 40 வரை எண் மாறாது. ஆகவே வீட்டில் முதல் பயிற்சிக் கட்டணம் யாருக்கு என்ற கேள்வியே வேண்டாம். அவருக்குத்தான். அந்த மாதங்களில் வாரக் கடைசியில் மட்டும் தர்மபுரி வருகிற அப்பாவாக இருந்தால் போதாது, குழந்தையை நீங்களும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஜெர்மனிக்கு வருகிறேன். ஏஜென்ட்கள் "ஆப்பர்ச்சுனிட்டி கார்டு" என்று விளம்பரம் செய்வது பி.ஆர். இல்லை. 2024 ஜூன் முதல் தேதி தொடங்கிய அது, ஓராண்டு தங்கி வேலை தேட அனுமதி மட்டும்தான், வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கலாம். நல்ல வழி வேறு. உங்கள் துறையில் வேலை கையில் இருந்தால் நீலக் கார்டு என்ற வேலை, வசிப்பு அனுமதி கிடைக்கும். இன்ஜினியர் பணி பற்றாக்குறைப் பட்டியலில் இருப்பதால் சம்பள வரம்பும் குறைவு, 2026-இல் ஆண்டுக்கு சுமார் 45,900 யூரோ. நீலக் கார்டில் 27 மாதம் வேலை பார்த்தால் நிரந்தர வசிப்பு, ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலை இருந்தால் 21 மாதத்திலேயே. இவ்வளவு சீக்கிரமா என்று தோன்றும். ஆனால் ஓசூரில் உட்கார்ந்தபடி, ஜெர்மன் தெரியாமல், அங்கே ஆலையில் வேலை வாங்குவதுதான் கடினம்.

மனைவிக்கு அங்கே தேவை அதிகம். பி1-க்கு அடுத்த நிலையான பி2 அளவு ஜெர்மன் கற்று, படிப்புக்கு அங்கீகாரம் வாங்கினால் நர்ஸ் வேலை. மூன்றாண்டு வேலைக்குப் பிறகு நிரந்தர வசிப்பு கேட்கலாம். அங்கீகாரம் வரும்வரை உதவியாளர் சம்பளம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, 1978-இல் தொடங்கியது, வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு நர்ஸ் அனுப்புகிறது. தனியார் ஏஜென்டிடம் போகும் முன் அங்கே கேட்டுவிடுங்கள். வேலைக்கு ஆள் அனுப்பும் தனியார் ஏஜென்ட், சட்டப்படி 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.-யும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம்.

பிரிட்டனை நான் சேர்க்கவில்லை. ஐந்தாண்டில் நிரந்தர வசிப்பு என்ற பழைய கணக்கைப் பத்தாண்டாக நீட்ட அந்த அரசு முடிவெடுத்து வருகிறது. அமெரிக்காவில் இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசையின் நீளம் உங்களுக்கே தெரியும்.

ஆக, என் யோசனை இது. மனைவி முதன்மை விண்ணப்பதாரர், முதல் இலக்கு ஆஸ்திரேலியா. ஆறு மாதம் கழித்து ஆங்கிலத்தில் 7 வரவில்லை என்றால், நாளைக் கடத்தாமல் ஜெர்மனுக்கு மாறிவிடுங்கள். நர்ஸ் வழியில் அங்கே ஐ.இ.எல்.டி.எஸ். கேட்பதில்லை.

இந்த மாதமே செய்ய வேண்டியவை சில. இருவரின் பாஸ்போர்ட், பத்தாம் வகுப்புச் சான்று, பட்டம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நமக்கு இனிஷியல்தான் வம்பு. ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயர், திருமணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் என்று இருந்தால் அது ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைக்க வேண்டியிருக்கும். மனைவியின் மருத்துவமனையில் நியமனக் கடிதம், பேஸ்லிப், எந்த வார்டில் எத்தனை மணி நேரம் என்ற கடிதம் மூன்றையும் கேட்கச் சொல்லுங்கள். தனியார் மருத்துவமனைகளில் சம்பளம் கையில் தந்து கவரில் முடித்துவிடும் பழக்கம் உண்டு. அப்படி இருந்தால் இந்த மாதச் சம்பளத்தில் இருந்தாவது வங்கி வழியாகக் கேட்டு வாங்கட்டும். நீங்கள் அந்தப் பழைய கான்ட்ராக்டரைத் தேடிப் பிடியுங்கள்.