கைதட்டினால் ஓடும் அணில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் குடும்பத்தோடு டாப்ஸ்லிப் போயிருந்தோம். தங்கிய இடத்துக்குப் பின்னால் ஒரு மரத்தில் பெரிய அணில் ஒன்று, பூனை அளவு இருக்கும், கிளையோடு ஒட்டி அசையாமல் கிடந்தது. கைதட்டினோம், விசிலடித்தோம். சட்டென்று எழுந்து, கடகடவென்று கத்திக்கொண்டே மரத்துக்கு மரம் பாய்ந்தது. அப்படி ஒரு துறுதுறுப்பு! என் மகன் இன்னும் அந்த வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அது என்ன அணில்? அதை வைத்து அவனுக்கு ஒரு கதை எழுத ஆசை. எப்படித் தொடங்குவது?

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பார்த்தது மலையணில். மலபார் அணில் என்றும் சொல்வார்கள். கதையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

உங்கள் கைதட்டல் மூன்று நாளாக என்னை விடவில்லை. துறுதுறுப்பு என்கிறீர்கள். அது பயம். ஆபத்து என்றால் மலையணில் பல சமயம் ஓடாது. கிளையோடு கிளையாகப் படுத்துவிடும். மேலே சுற்றும் கழுகின் கண்ணிலிருந்து தப்ப அதற்குத் தெரிந்த வழி அது. உங்களைப் பார்த்தும் அதைத்தான் செய்தது. அந்த ஒளிவிடத்தையும் பறித்து ஓடவிட்டீர்கள். நீங்கள் ரசித்த கடகடச் சத்தம் அபாயக் குரல். தரைக்கு அதிகம் இறங்காத பிராணி அது. இருபது அடி தூரம்கூடத் தாவும், ஆனால் கிளை பார்த்துத் தாவும். விரட்டினால் கிளை பார்க்க நேரம் ஏது? பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்கிற காரியமா இது?

கோபப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். நானும் செய்தவன்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புப் பக்கம் என் மாமா புளியந்தோப்பு குத்தகை எடுத்திருந்தார். அங்கே இருப்பது உங்கள் மலையணிலின் பங்காளி, சாம்பல் நிற அணில். உடம்பெல்லாம் நரை விழுந்த மாதிரி இருக்கும். 1988இல் அதற்கென்றே சரணாலயம் அறிவித்தார்கள். நான் சொல்வது அதற்கு முந்தைய காலம். மலையிலிருந்து இறங்கிவந்து புளியம்பழத்தைத் தின்னும். எனக்குப் பத்து வயது. கையில் தகரத்தைக் கொடுத்து, தட்டி விரட்டுவது உன் வேலை என்றார்கள். தட்டினால் பறக்கும். அதைப் பார்க்கவே தட்டினேன்.

ஒருநாள் ஒன்று மட்டும் ஓடவில்லை. கவட்டைக்கு மேலே ஒட்டிக் கிடந்தது. மரத்தடியில் நின்று தட்டித் தட்டிக் கை வலித்தது. பின்னாலிருந்து மாமா தகரத்தைப் பிடுங்கினார்.

"போதும்டா. அது வயித்தைப் பாரு."

பார்த்தேன். உடம்பில் வேறெதுவும் அசையவில்லை. விலாப்பக்கம் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

மாமா வரப்பில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். வெயில் மலைக்குப் பின்னால் போகிறவரை அது கிடந்தது. முதலில் வால் நுனி அசைந்தது. அப்புறம் தலை. பிறகு மெல்ல நகர்ந்து, பின்னங்காலால் கிளையைக் கவ்விக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. எடைக்கு எடையாக வால் மறுபக்கம். இரண்டு கையாலும் புளியம்பழத்தைப் பிடித்துக் கொறித்தது. சருகின் மேல் ஓடு பொட்டுப் பொட்டென்று விழுந்தது. குத்தகைக் காசு போட்ட மனுஷன் அதைத் தின்னவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகனை மறுபடி கூட்டிப் போங்கள். விடியற்காலையில், போனை அறையிலேயே வைத்துவிட்டு. மரத்தடியில் புதிதாகக் கடித்துப் போட்ட ஓடும் தோலும் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் தள்ளி உட்காருங்கள். அவன் சலித்துக்கொள்வான். உட்காரட்டும். கதை எப்படித் தொடங்குவது என்று அதற்கப்புறம் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.