பாதியில் நின்ற ‘இன் ப்ரூஜ்’: மீதியைப் பார்க்கலாமா?

மீதியைப் பாருங்கள், ஆனால் தனியாக உட்கார்ந்து பாருங்கள். புதுச்சேரியில் அறை நண்பர்களோடு போட்டீர்கள், அரை மணி நேரம் யாரும் சிரிக்கவில்லை, கூலிக்கொலைகாரன் படத்தில் சண்டையே இல்லையே என்று எழுந்து போய்விட்டார்கள் என்கிறீர்கள். படத்தின் மேல் தப்பில்லை.

பெரும்பாலும் வசனம்தான் காரணமாக இருக்கும். சிரிப்பு முழுக்க, பெல்ஜியத்தின் பழைய நகரமான ப்ரூஜில் ஒளிந்திருக்கும் கூலிக்கொலைகாரர்கள் ரே, கென் இருவரின் பேச்சில் இருக்கிறது, அதுவும் வேகமான அயர்லாந்து உச்சரிப்பு, கூட்டமாகப் பேசிக்கொண்டே பார்த்தால் பாதி காதில் விழாது. புதுச்சேரி ஒயிட் டவுனுக்குச் சுற்றிப் பார்க்க வரும் இரண்டு பேரில் ஒருவர் ஒவ்வொரு பழைய வீட்டையும் நின்று ரசிக்க, இன்னொருவர் எப்போது கிளம்பலாம் என்று முனகுவதைப் பார்த்திருப்பீர்களே, முதல் பகுதி கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ரே ஏன் அங்கே இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறான் என்று தெரிந்ததும் அதே முனகல் வேறு மாதிரி கேட்கும். 2008-ல் வந்த இந்தப் படத்துக்குத்தான் ரேயாக நடித்த காலின் ஃபாரெல் கோல்டன் குளோப் வாங்கினார், முழுத் தகுதியோடு.

ஒன்று செய்யுங்கள். ஆங்கில சப்டைட்டில் போட்டு, ஹோட்டல் அறையில் கென்னுக்கு முதலாளி ஹாரி போன் செய்யும் காட்சி வரை பாருங்கள். ஹாரியின் குரல் மட்டும்தான், கென்னாக வரும் பிரெண்டன் க்ளீசன் முகத்தாலேயே மொத்தக் காட்சியையும் தாங்குகிறார். அங்கே சிரிப்பும் பதைப்பும் சேர்ந்து வரவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம்.

வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது மட்டும் வேண்டாம். கெட்ட வார்த்தை நிறைய, ஒரு குழந்தையின் சாவும் வருகிறது, அப்புறம் உயரம் குறைந்த ஒருவரைக் கேலி செய்யும் இடங்கள் எனக்கு உறுத்தத்தான் செய்தன.