சாவியை எடுத்த பிறகும் ஓடும் விசிறி

கேள்வி: காரை நிறுத்திச் சாவியை எடுத்த பின்பும் பானெட்டுக்குள் விசிறி நான்கைந்து நிமிடம் ஓடிவிட்டுத்தான் நிற்கிறது. பணிமனையில் காட்டினேன், விசிறி மோட்டாரையும் ரேடியேட்டரையும் சேர்த்து மாற்றிவிடச் சொல்கிறார்கள். இது கோளாறுதானா? பேட்டரி இறங்கிவிடாதா?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் விசிறி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இன்ஜின் ஓடும்போது அதனுள் சுற்றிவரும் குளிர்விப்புத் திரவமான கூலண்ட் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். இன்ஜினை அணைத்ததும் கூலண்டைச் சுழற்றும் பம்பும் பெரும்பாலான கார்களில் நின்றுபோகிறது. ஆனால் சிலிண்டர்களைச் சுற்றியுள்ள உலோகத்தின் சூடு உடனே தணிவதில்லை; அடுப்பை அணைத்த பிறகும் இரும்புச் சட்டி சுடுவதைப் போல, அது அசையாமல் நிற்கும் கூலண்டுக்குள் இறங்குவதால், நிறுத்திய முதல் சில நிமிடங்களில் வெப்பம் குறைவதற்குப் பதிலாகச் சற்று ஏறுகிறது. அதைச் சென்சார் உணர்ந்ததும், பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு விசிறி ஓடுகிறது. சூடு தணிந்ததும் தானாக நிற்கிறது. 20 ஆம்பியர் இழுக்கும் விசிறி ஐந்து நிமிடம் ஓடினால் 2 ஆம்பியர் மணிக்கும் குறைவாகவே செலவாகும். நல்ல நிலையிலுள்ள 40 ஆம்பியர் மணி பேட்டரிக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

உங்களிடம் சொல்லப்பட்ட யோசனையைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். ஓடுகிற மோட்டார் நல்ல மோட்டார். எப்போது ஓடுவது, எப்போது நிற்பது என்பதை அது தீர்மானிப்பதில்லை. அந்த முடிவைச் சென்சாரும் கட்டுப்பாட்டுக் கருவியும் எடுக்கின்றன, மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் விடும் தானியங்கிச் சுவிட்சான ரிலே நிறைவேற்றுகிறது. ஆகவே விசிறி நிற்காமல் ஓடுகிறது என்ற புகாருக்கு மோட்டாரை மாற்றச் சொல்பவர், ஒன்று காரைத் திறந்தே பார்க்கவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறார். வண்டியில் கை வைக்கும் மெக்கானிக் உரிமையாளரிடம் பேசுவதில்லை. பேசுகிறவரோ வண்டியில் கை வைப்பதில்லை. இந்த ஏற்பாடு மாறாதவரை இப்படிப்பட்ட மதிப்பீட்டுச் சீட்டுகள் வந்துகொண்டுதான் இருக்கும்.

இதைவிடக் கொடுமையான வைத்தியங்கள் இரண்டு உண்டு. விசிறியின் வயரைப் பிரித்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுப்பது ஒன்று. அப்படி ஒரு கார் என்னிடம் வந்தது. நெரிசலில் சுவிட்சைப் போட மறந்த ஒரே நாளில் இன்ஜின் சூடேறி, அதன் மேல்பகுதியைக் கசிவில்லாமல் மூடும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. பல்பை எடுத்துப் பொருத்துவதுபோல அந்தச் சுவிட்சை மாட்டியவர், அதனால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னொன்று, இன்ஜின் உரிய சூட்டை எட்டும்வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுவது. இன்ஜின் குளிர்ச்சியாக இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் உரிய சூட்டை எட்டாத இன்ஜின் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். இரண்டையும் யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒரு விஷயத்தைத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். புதிய டீசல் கார்களின் புகைபோகும் பாதையில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அதில் கரி நிரம்பியதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே சுமார் 600 டிகிரி வரை சூடேற்றி அதை எரித்துவிடும்படி கார் அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த எரிப்பு பாதியில் இருக்கும்போது நீங்கள் வீட்டுக்கு வந்து சாவியைத் திருப்பிவிட்டால், விசிறி வழக்கத்தைவிட உரத்த இரைச்சலுடன் ஓடும். லேசான தீய்ந்த வாசனையும் வரலாம். பயந்து பணிமனைக்கு ஓட வேண்டாம். அடுத்த முறை நிற்காமல் இருபது நிமிடம் போல் திறந்த சாலையில் ஓட்டினால் பெரும்பாலும் எரிப்பு முடிந்துவிடும். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதவர்களுக்குத்தான் இது அடிக்கடி நேர்கிறது. வடிகட்டிக்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். காரை எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்ற இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும். ஆனால் யாரும் கேட்பதில்லை.

உண்மையான கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை போதும். இரவு முழுவதும் நின்று குளிர்ந்த காரின் அருகே காலையில் போய், சாவியைப் போடாமல் காது கொடுத்துக் கேளுங்கள். அப்போது விசிறி ஓடிக்கொண்டிருந்தாலோ, ஓடி ஓடிப் பேட்டரி காலியாகியிருந்தாலோ, இரவில் காரை நிறுத்தி அரை மணி நேரம் கடந்தும் அது ஓய்வில்லாமல் சுழன்றிருந்தாலோ, முதலில் சந்தேகிக்க வேண்டியது ரிலேயை. பானெட்டுக்குள் இருக்கும் ஃப்யூஸ் பெட்டியின் மூடியில் எது எங்கே என்ற படம் இருக்கும். தீப்பெட்டியைவிடச் சிறிய அந்த ரிலேக்குள் இரண்டு உலோக முனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டால் விசிறிக்குப் போகும் மின்சாரம் நிற்காது, சில மணி நேரத்தில் பேட்டரியும் காலியாகிவிடும். அந்த ரிலேயைக் கழற்றியதும் விசிறி நின்றால் பெரும்பாலும் மாற்ற வேண்டியது அதை மட்டும்தான். விசிறி நிற்காமல் போனால் வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதுவரை ஓடாத விசிறி புதிதாக இப்படி ஓடத் தொடங்கியிருந்தால், குளிர்ந்த இன்ஜினில் கூலண்ட் அளவு தொட்டியின் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். சாவி உங்கள் சட்டைப்பையில் இருந்தாலும் விசிறி எந்த நொடியிலும் சுழலக்கூடும் என்பதால், இன்ஜின் ஆறும் வரை அதன் இறக்கைகளுக்கு அருகே கையையோ துணியையோ கொண்டுபோகாதீர்கள்.