ஐடி கார்டோடு ஒரு போட்டோ: குடும்பத்துப் படமும் போன் பாதுகாப்பும் பற்றிச் சில கேள்விகள்

செல்போன் சர்வீஸ் கடையில் உட்கார்ந்து பதினாறு வருடமாகிறது. டிஸ்ப்ளே மாற்ற வருகிறவர்கள் போனோடு ஒரு கேள்வியையும் நீட்டுவார்கள். இப்போது எழுதியும் கேட்கிறார்கள். இந்த முறை வந்தவற்றில் சில.

மகள் எல்.கே.ஜி. சேர்ந்த அன்று யூனிபார்மில் வாசலில் நிற்க வைத்து எடுத்த படத்தை பேஸ்புக்கில் போட்டேன். என் கணவர் உடனே எடுக்கச் சொல்லிச் சண்டை. இதில் என்ன தப்பு அண்ணா? (ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா)

குடும்பச் சண்டைக்குள் நான் வரவில்லை. படத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டில் பெயர், வகுப்பு, அப்பாவின் செல் நம்பர், ரத்த வகை. சட்டைப் பையில் பள்ளியின் முத்திரை. பின்னால் கதவு எண், ஓரத்தில் ஸ்கூட்டர் நம்பர். மேலே நீங்களே "எங்கள் குட்டிம்மாவின் முதல் நாள்" என்று எழுதியிருப்பீர்கள். பள்ளி விடும் நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் கேட்டுக்கு வெளியே நின்று "குட்டிம்மா, அப்பா கூட்டிட்டு வரச் சொன்னாரு" என்றால் நாலு வயதுக் குழந்தை என்ன செய்யும்? வீட்டில் மட்டும் கூப்பிடும் பெயர் அதற்கு ஒரு சாவி மாதிரி.

படமே போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கார்டைக் கழற்றிவிட்டு எடுங்கள், முத்திரை தெரியாமல் வெட்டுங்கள், செல்லப் பெயரை விட்டுவிடுங்கள். பேஸ்புக்கில் ப்ரொபைலைப் பூட்டும் வசதி 2020 முதல் நம் நாட்டில் இருக்கிறது, அதையும் போடுங்கள். ஆனால் நட்புப் பட்டியலில் ஆயிரத்து நானூறு பேர் இருந்தால் பூட்டி என்ன பயன்? முகம் தெரியாதவர்களை முதலில் நீக்குங்கள்.

போட்டோ அனுப்பினால் வீடு இருக்கும் இடமும் கூடவே போய்விடுமா?

கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால், எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிவாகும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் நீங்கிவிடும். கிளாரிட்டி குறையாமலிருக்க 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புகிறோமே, அப்போது அப்படியே போகும். கேமரா செட்டிங்கில் அதை அணைத்து வைத்தால் இந்தக் கவலையே இல்லை.

தம்பி, கல்யாணப் பத்திரிகை என்று சொந்தக்காரர் நம்பரிலிருந்து வந்ததைத் தொட்டேன். ஏதோ இன்ஸ்டால் ஆனது. இப்போது என் பெயரில் எல்லாருக்கும் அதே போகிறதாம். (மதுரை, ஓய்வு பெற்ற ஆசிரியர்)

ஐயா, அது பத்திரிகை இல்லை, ஏபிகே. அதாவது ஒரு செயலி. பத்திரிகை என்றால் படமாகவோ வீடியோவாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும்; எதையும் இன்ஸ்டால் பண்ணச் சொல்லாது. இது உள்ளே போனதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் பேங்க் ஓடிபி உங்களுக்கு முன்னால் அவனுக்குத் தெரியும். அனுப்பிய சொந்தக்காரரும் உங்களைப் போல மாட்டியவர்தான், அவர் மேல் கோபப்படாதீர்கள்.

உடனே ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கட்டும். வேறு போனிலிருந்து பேங்குக்குப் பேசி நெட்பேங்கிங், யுபிஐ எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். குரூப்பிலும் "யாரும் தொடாதீர்கள்" என்று வேறொருவரைப் போடச் சொல்லுங்கள். அப்புறம் அந்தச் செயலியை நீக்க வேண்டும். சில சமயம் ஐகானே தெரியாது. அப்போது போனை முழுதாக ரீசெட் செய்வதுதான் வழி. வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். பணம் கணக்கு மாறி மாறி ஓடும். எடுத்துவிடும் முன் முடக்கினால்தான் உண்டு.

வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க எண் வந்தது, தோழி அனுப்பச் சொல்கிறாள். அனுப்பலாமா?

கூடாது. கேட்பது தோழியே இல்லை, அவள் கணக்கைப் பிடித்துக்கொண்ட வேறொருவன். அந்த எண்ணைக் கொடுத்தால் உங்கள் வாட்ஸ்அப்பும் அவன் கைக்குப் போய்விடும். இன்றைக்கே 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்', அதாவது கூடுதலாக ஒரு பின் நம்பர் கேட்கும் பூட்டைப் போட்டுவிடுங்கள். பின் நம்பராகப் பிறந்த தேதியை வைக்காதீர்கள்.

என் இன்ஸ்டா படத்தை மார்ஃபிங் செய்து, பணம் தராவிட்டால் அப்பாவுக்கு அனுப்புவேன் என்கிறான். தூக்கமே இல்லை அண்ணா. (கல்லூரி மாணவி)

தங்கச்சி, முதலில் இது உன் தப்பு இல்லை. உன்னைப் போல ஒரு பெண் என் கடைக்கு வந்து, "எல்லாத்தையும் அழிச்சுக் குடுங்க" என்று போனை மேஜையில் வைத்தாள். கை நடுங்கியது. நான் அழிக்கவில்லை. அழித்தால் அழிவது நம்மிடம் இருக்கும் சாட்சிதான், அவனிடம் இருக்கும் படம் இல்லை. அந்த யூசர்நேம், ப்ரொபைல் லிங்க், தேதி தெரிய மிரட்டல், பணம் கேட்ட யுபிஐ ஐடி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். அப்புறம்தான் ப்ளாக்.

பணம் தராதே. ஒரு முறை தந்தால் அடுத்த வாரம் இன்னும் அதிகம் கேட்பான். மத்திய அரசின் சைபர்க்ரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். ஆனால் வழக்கு நகர வேண்டும் என்றால் பெயரோடு கொடுப்பதே நல்லது. இந்த மாதிரிப் படங்களுக்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 67, 67ஏ பிரிவுகள் இருக்கின்றன. 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற தளமும் உதவும். படம் உன் போனை விட்டுப் போகாது. அதன் கைரேகை மாதிரி ஒரு குறியீடு மட்டும் போகும். அதில் சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் அதை வைத்துப் படத்தைத் தடுக்கும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் இதே மாதிரி 'டேக் இட் டவுன்' என்ற தளம் இருக்கிறது.

அப்பாவிடம் இன்றைக்கே நீயே சொல். அப்பாவுக்குத் தெரியாது என்பதுதான் அவனுடைய முதலீடு. நேரில் சொல்ல முடியாவிட்டால் சித்தியோ அத்தையோ யாரையாவது கூட வைத்துக்கொள்.

பையனுக்குப் பன்னிரண்டு வயது. இன்ஸ்டாகிராம் கேட்டு அடம்.

அவர்கள் விதிப்படியே பதிமூன்று ஆக வேண்டும். பதின்வயதினர் கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது. வயதைப் பதினெட்டுக்கு மேல் கூட்டிப் போட்டு நாமே திறந்து கொடுத்தால் அந்தப் பாதுகாப்பை நாமே கழற்றுகிறோம். அவன் கேம் ஆடினால் அதிலிருக்கும் வாய்ஸ் சாட்டையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

டூர் போகிற குரூப்பில் எல்லாரும் ஆதார் படம் போடச் சொல்கிறார்கள்.

ஏற்பாடு செய்பவருக்குத் தனியாக அனுப்புங்கள், அதுவும் முதல் எட்டு எண்கள் மறைந்த மாஸ்க்டு ஆதார் போதுமா என்று கேட்டுவிட்டு. ஆதார் நகலை வைத்து யாராவது உங்கள் பெயரில் சிம் வாங்கியிருக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எங்கள் குழந்தை படத்தை நாங்கள் போடுவதில்லை, ஆனால் என் கணவரின் அத்தை எல்லாவற்றையும் ஸ்டேட்டஸில் வைக்கிறார். எப்படிச் சொல்வது?

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி. வைத்த பிறகு எடுக்கச் சொன்னால் முகம் வாடும். படம் அனுப்பும்போதே "உங்களுக்கு மட்டும் அத்தை, ஸ்டேட்டஸ் வேண்டாம்" என்று சேர்த்து எழுதுங்கள். பேச்சை உங்கள் கணவரே ஆரம்பித்தால் நல்லது, அவருடைய அத்தை. அப்படியும் வருத்தப்பட்டால் செல்போன் கடைக்காரர்தான் சொன்னார் என்று பழியை என் மேல் போட்டுவிடுங்கள்.