நூலகத்துக்கு எல்.இ.டி. விளக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் 24 பழைய டியூப்லைட்டுகள் இருக்கின்றன. சில எரிந்து எரிந்து அணைகின்றன. வாசகர் வட்டத்தின் சார்பில் அவற்றை எல்.இ.டி.க்கு மாற்றித் தர எண்ணுகிறோம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் விளக்கு எரிகிறது. உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்? குழலை மட்டும் மாற்றினால் போதுமா?
– கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்

பதில்: மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு ஃபிட்டிங்கின் மூடியைக் கழற்றி உள்ளே எந்தச் சோக் (குழலுக்குப் போகும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் கருவி) இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கையில் கனக்கிற, எரியும்போது வண்டு போல ரீங்காரமிடுகிற செப்புக்கம்பிச் சோக்காக இருந்தால், குழலில் 36 வாட் என்று அச்சிட்டிருந்தாலும் சோக் தன் பங்குக்கு இன்னும் 12 வாட் வரை எடுத்துக்கொள்ளும். ஆக, ஒரு விளக்குக்கு 48 வாட். அதன் இடத்தில் 20 வாட் எல்.இ.டி. பேட்டன் (ஃபிட்டிங்கோடு சேர்ந்தே வரும் நீள விளக்கு) வந்தால் விளக்கொன்றுக்கு 28 வாட், 24 விளக்குக்கு 672 வாட் குறைகிறது. மாதம் 25 நாள், தினம் எட்டு மணி நேரம் என்று கணக்கிட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ 134 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 269 யூனிட் மிச்சம். யூனிட் விலையை உங்கள் நூலகத்தின் பில்லிலிருந்தே எடுத்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். பேச்சுக்கு எட்டு ரூபாய் என்று வைத்தால் பில்லுக்கு 2,150 ரூபாய் வருகிறது. பேட்டன் ஒன்று 350 ரூபாய் என்றால், பொருத்துகூலி நீங்கலாக, போட்ட பணம் நான்கு பில்லில் திரும்பிவிடும்.

உள்ளே இருப்பது எடை குறைந்த எலக்ட்ரானிக் சோக் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அந்த விளக்கு சுமார் 36 வாட்தான் எடுக்கும் என்பதால், மிச்சம் மாதம் 77 யூனிட்டாகச் சுருங்கிவிடும். கடைக்காரர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

குழலை மட்டும் மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய ஃபிட்டிங்கில் எல்.இ.டி. குழலைச் செருகும்போது, அந்தக் குழலின் வகைக்கேற்பச் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் நீக்கி ஒயரை மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். சில குழல்களுக்கு ஒரு முனையில் மட்டும் மின்சாரம் வர வேண்டும். சிலவற்றுக்கு இரு முனையிலும் வர வேண்டும். நாளை வேறொருவர் ஏணியில் ஏறி, வேறு வகைக் குழலை அதே இடத்தில் செருகினால் விபத்து நேரலாம். ஃபிட்டிங்கோடு சேர்த்து பேட்டனாக மாற்றுவதே நல்லது.

மிச்சத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 24 விளக்கைக் கழற்றி அதே இடங்களில் 24 விளக்கை மாட்டினால் மின்கட்டணம் குறையும். ஆனால், அடித்தட்டில் இருக்கும் புத்தகத்தின் முதுகில் ஒட்டிய எண்ணைப் படிக்க, இன்று குனிந்து கைபேசி டார்ச்சை அடிக்கிறவர் நாளையும் அடித்துக்கொண்டுதான் இருப்பார். பல நூலகங்களில் அலமாரி வரிசைகள் பிற்பாடு வந்தவை. அறை காலியாக இருந்தபோது மாட்டிய விளக்குகள் இப்போது அலமாரியின் தலைக்கு மேல் நின்று, அதன் மேற்பலகைத் தூசிக்கு வெளிச்சம் கொடுக்கின்றன. பேட்டன்களை இரண்டு அலமாரிகளுக்கு நடுவே, நடைபாதையின் நீளவாக்கில் மாட்டச் சொல்லுங்கள். ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். வாசிப்பு மேசையின் பரப்பில் 300 லக்ஸ் அளவும், அலமாரியின் அடித்தட்டில் 150 லக்ஸ் அளவும் கிடைத்தால் தாராளம். அளப்பதற்கு லக்ஸ் மீட்டரை அருகிலுள்ள பாலிடெக்னிக்கில் இரவல் கேட்கலாம். கைபேசிச் செயலி தோராயமாகவே காட்டும் என்றாலும், மாற்றுவதற்கு முன்பும் பின்பும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இருட்டிய பிறகு அளக்க வேண்டும்.

பழைய குழல் எல்லாத் திசைகளிலும் ஒளி வீசுவது. அதில் பெரும்பகுதி கூரைக்கும் ஃபிட்டிங்குக்கும் போய்விடும். எல்.இ.டி.யின் ஒளி கீழ்நோக்கியே விழுவதால், 20 வாட்டில் 2,000 லூமென் (விளக்கு உமிழும் மொத்த ஒளியின் அலகு) தரும் விளக்கு மேசையில் பழையதற்குக் குறைவில்லாமல் வெளிச்சம் தரும். சில இடங்களில் விளக்கின் எண்ணிக்கையையே குறைத்துவிடலாம். ஜன்னலோர வரிசைக்குத் தனிச் சுவிட்ச் வையுங்கள். ஓட்டுக்கட்டடமாக இருந்தால் நான்கைந்து கண்ணாடி ஓடுகளைப் பதிக்கவும் யோசியுங்கள். பகலில் அதற்கு ஈடான விளக்கு எந்தக் கடையிலும் இல்லை.

கேள்வி: சென்ற ஆண்டு ஒருவர் நன்கொடையாகத் தந்த எல்.இ.டி. விளக்குகளில் பாதி, பத்து மாதத்துக்குள் போய்விட்டன. 25,000 மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருந்ததே?
– தருமபுரி மாவட்ட வாசகி

பதில்: அந்த 25,000 மணி நேரம், ஒளியுமிழும் சில்லுகளின் வெளிச்சம் மெல்ல மெல்ல மங்குவதை வைத்துச் சொல்லப்படுவது. உங்கள் நூலகத்தில் செத்தது பெரும்பாலும் சில்லாக இருக்காது. அதற்கு மின்சாரம் ஊட்டும் டிரைவராக இருக்கும். தாழ்ந்த கூரையின் கீழ் சித்திரை வெயிலில் வேகும் சூடு, கோடை இடிமழையின்போது கம்பியில் பாயும் மிகை மின்னழுத்தம், தளர்ந்த நியூட்ரல் இணைப்பு ஆகிய மூன்றும் டிரைவரின் எதிரிகள். ஒரே நாளில் பல விளக்குகள் போயிருந்தால் விளக்கை விட்டுவிட்டு ஒயரிங்கைச் சோதியுங்கள். நியூட்ரலையும் எர்த்தையும் சரிசெய்யாமல் புதிய விளக்கு வாங்குவது வீண். வாங்கும்போது பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண், 4 கிலோவோல்ட் அளவுக்கு மிகை மின்னழுத்தம் தாங்கும் என்ற குறிப்பு, இரண்டாண்டு உத்தரவாதம் ஆகியவற்றைப் பாருங்கள். பில் நூலகத்தின் பெயரில் இருக்கட்டும். நன்கொடையாளர் வீட்டு மேசையறையில் கிடக்கும் பில்லைக் காட்டி யாரும் உத்தரவாதம் கோரப் போவதில்லை.

கேள்வி: போட்டித் தேர்வுக்காக நாள் முழுதும் நூலகத்தில் படிக்கிறேன். எல்.இ.டி. வெளிச்சம் கண்ணைக் கெடுக்குமா? புத்தகங்களுக்குக் கெடுதி உண்டா?
– அரூர் வாசகர்

பதில்: வெள்ளை எல்.இ.டி. என்பது நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் ஒளிர்பொருள் பூசியது. அந்த நீலச் சில்லை உருவாக்கியதற்காகவே ஜப்பானில் பிறந்த மூன்று அறிவியலாளர்களுக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அறை விளக்கின் அளவில் அந்த நீலத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கண்ணைக் களைக்க வைப்பவை கண்கூச்சமும், விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு எரியும் துடிப்பும். விளக்கின் முகத்தில் பால்நிற மூடி இருக்க வேண்டும். கைபேசிக் கேமராவை விளக்கின் அருகே பிடித்துப் பாருங்கள். திரையில் கருப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் அந்த விளக்கை வாசிப்பு மேசைக்கு மேல் மாட்டக் கூடாது. நிறத்தில் 6,500 கெல்வின் நீலவெள்ளையை விட 4,000 கெல்வின் இதமானது. புத்தகங்களுக்கு எல்.இ.டி. நல்லது, காகிதத்தைப் பழுப்பாக்கும் புறஊதாக் கதிர் அதில் ஏறத்தாழ இல்லை.

கேள்வி: கழற்றிய பழைய டியூப்லைட்டுகளை என்ன செய்வது? பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாமா?
– காரிமங்கலம் வாசகர்

பதில்: கூடாது. ஒவ்வொரு குழலிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடைக்காமல் புதிய விளக்கு வந்த அட்டைப்பெட்டியிலேயே அடுக்கி, மின்னணுக் கழிவு பெறும் பதிவுபெற்ற நிறுவனத்திடம் சேர்க்க வேண்டும். 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளில் இக்குழல்களும் அடங்கும். ஃபிட்டிங்கும் சோக்கும் வேறு கதை. அவை மாவட்ட நூலக ஆணைக்குழுவின் உடைமை. இருப்புப் பதிவேட்டில் இருப்பவை. புதியதை மாட்டுவதற்கு முன்பே நூலகர் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதி அனுமதி பெற்று, நன்கொடையைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். 24 சோக்கில் இருக்கும் செம்புக்கு நல்ல விலை உண்டு. ஆகவே, கழற்றுகிற அன்றே எண்ணிக் கட்டி, நூலகரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.