கப்பல் பயணத்துக்கு விசா: கப்பல் கம்பெனியே எடுத்துத் தருமா?

கேள்வி இதுதான்: இந்திய பாஸ்போர்ட், ஒரு மாதத்துக்கு மேல் நீளும் கப்பல் பயணம், வழியில் பல நாடுகள். விசாவைக் கப்பல் கம்பெனியே பார்த்துக்கொள்ளுமா? ஒவ்வொரு நாட்டுக்கும் எடுக்க வேண்டுமா? ஒரு துறைமுகத்தில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிட்டால் அந்த நாட்டு விசா தேவையில்லைதானே?

பார்த்துக்கொள்ளாது. விசா கேட்கிற நாட்டுக்கெல்லாம் எடுக்க வேண்டும். இறங்காவிட்டாலும் எடுக்க வேண்டும். அவசரமாகப் படிப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றும், முன்பணம் கட்டிய பிறகுதான் விசா நினைவுக்கு வந்தது என்றும் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னியுங்கள். எங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் நடந்தது.

எங்கள் கதைக்கு வருகிறேன். என் கணவருக்கு அறுபது முடிந்ததை ஒட்டி லண்டனில் இருக்கும் மகள் ஏற்பாடு செய்த பயணம். "அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகாமல் கப்பலில் கூத்தா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: திருக்கடையூரிலும் முறைப்படி முடித்துவிட்டுத்தான் போனோம். "பணக்காரத் திமிர்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: மகள் கட்டிய பணம், அதுவும் ஜன்னல் இல்லாத உள்ளறை. காலையா மாலையா என்று கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். சரி.

சவுத்தாம்ப்டனில் ஏறி, மதெய்ராவின் ஃபுன்சால், அங்கிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி பார்படாஸ், ஜமைக்கா, அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல், திரும்பும்போது அசோர்ஸ் தீவில் பொன்டா டெல்காடா, மறுபடி சவுத்தாம்ப்டன். எங்கள் ஊரில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் இதைக் காட்டினேன். "ஷிப்புன்னா எல்லாம் பேக்கேஜ்லயே வந்துரும்மா" என்றார். அன்றைக்கே இந்த வேலையை நானே செய்வது என்று முடிவுசெய்தேன். நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வருமான வரி நோட்டீஸுக்குப் பதில் எழுதியே தலை நரைத்தவளுக்கு விசா படிவம் ஒன்றும் பெரிய காரியம் இல்லை.

நான் முதலில் செய்தது ஒரு கோடு போட்ட தாளில் கட்டம் போட்டதுதான். துறைமுகம், நாடு, சேரும் தேதி, கிளம்பும் தேதி, என்ன விசா. அறை, சாப்பாடு, எந்தத் தளம் என்பதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். மகள் இரண்டு பயணங்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டிருந்தாள். கூடுதல் அழகு என்று அவள் சொன்ன பயணம் மார்த்தினிக் தீவில் நின்றது. மார்த்தினிக் பிரான்ஸைச் சேர்ந்தது, யூரோதான் செலவாணி, ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு அது) வராது. பாஸ்போர்ட்டில் ஷெங்கன் விசா இருக்கிறது என்று அங்கே போய் நிற்க முடியாது, கடல் கடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்கென்று தனியாக வாங்க வேண்டும். மதெய்ராவும் அசோர்ஸும் போர்ச்சுகலின் தீவுகள், அவை ஷெங்கனுக்குள்ளேயே இருக்கின்றன. பார்படாஸும் ஜமைக்காவும் சுற்றுலா போகும் இந்தியரிடம் விசா கேட்பதில்லை. ஆக மார்த்தினிக் இல்லாத பயணத்தை எடுத்தால் மூன்றே விசா: அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன். அதைத்தான் எடுத்தோம். மகளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இனிதான் சிக்கலே. விசா மூன்று, பாஸ்போர்ட் ஒன்று. ஒரு நாட்டிடம் கொடுத்தால் அது திரும்பி வரும்வரை இன்னொரு நாட்டிடம் கொடுக்க முடியாது. அதனால் எதை முதலில், எதைக் கடைசியில் என்ற வரிசைதான் முக்கியம். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

அமெரிக்க சுற்றுலா விசா நம்மவர்களுக்குப் பெரும்பாலும் 10 வருடத்துக்குக் கிடைக்கிறது. முன்கூட்டியே வாங்கி வைப்பதில் நஷ்டம் இல்லை. நேர்காணல் தேதிக்கான காத்திருப்பும் அதற்குத்தான் அதிகம். ஆகவே அது முதல். சென்னையில் கைரேகைக்கு ஒரு நாள், அண்ணா மேம்பாலம் பக்கத்தில் தூதரகத்தில் நேர்காணலுக்கு இன்னொரு நாள். தென்மாவட்டத்துக்காரர்கள் அதற்கேற்ப ரயில் டிக்கெட் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் விசாவுக்குப் பயணத்துக்கு 3 மாதம் முன்பு தொடங்கித்தான் விண்ணப்பிக்க முடியும். சாதாரண வருகை விசா 6 மாதம் செல்லும், அதற்குள் போய்வந்துகொண்டு இருக்கலாம். கப்பல் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பி வருவதால் இது அவசியம். ஷெங்கனுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பம் வாங்குகிறார்கள், பயணத்துக்கு 15 நாள் முன்பு வரைக்கும்தான் கெடு. அப்படியானால் ஷெங்கனை முதலில் முடிக்கலாமே என்று தோன்றும். ஆனால் கப்பல் ஏறும் ஊரே சவுத்தாம்ப்டன். பிரிட்டனுக்குள் போகவே விசா இல்லாதவர் எப்படி எங்கள் தீவுக்கு வருவார் என்று போர்ச்சுகல்காரர்கள் கேட்டால் பதில் இல்லை. அதனால் பிரிட்டன் இரண்டாவது, ஷெங்கன் மூன்றாவது. எங்களுக்கு ஜனவரிக் கப்பல். தீபாவளிக்கு மற்ற வீடுகளில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தபோது நான் எஃப்.டி. ரசீதுகளையும் வரி ரிட்டர்ன்களையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஷெங்கனில் எந்த நாட்டிடம் கொடுப்பது என்று இன்னொரு குழப்பம் வரும். எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறோமோ அங்கே, எல்லாம் சமம் என்றால் முதலில் நுழையும் நாட்டில். எங்களுக்கு இரண்டு துறைமுகமும் போர்ச்சுகல் என்பதால் யோசிக்க வேலையே இல்லை. உங்கள் கப்பல் ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ் என்று நின்றால் நாளை எண்ணிப் பாருங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். பாலிசியில் கப்பல் பயணத்துக்கும் சேர்த்து இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

படிவத்தில் எத்தனை முறை நுழைகிறீர்கள் என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு முறை, இரு முறை, பல முறை. விசா மையத்துக் கவுன்டரில் இருந்த பெண் என் படிவத்தைப் பார்த்துவிட்டு, "மொத்தமே ரெண்டு நாள்தானே மேடம், சிங்கிளே போதுமே" என்றாள். சின்னப் பெண், நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நான் என் கட்டத் தாளை எடுத்து வைத்தேன். ஃபுன்சாலை விட்டதும் கப்பல் ஷெங்கனை விட்டுப் போய்விடுகிறது, கரீபியனும் அமெரிக்காவும் சுற்றிவிட்டு மறுபடி பொன்டா டெல்காடாவில் நுழைகிறது, ஆகவே இது இரண்டாவது நுழைவு என்று பேனாவால் அம்புக்குறி போட்டுக் காட்டினேன். கவர் லெட்டரிலும் இதையே தேதியோடு எழுதியிருந்தேன். பாஸ்போர்ட் வந்த உறையைப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது பெயரைக்கூட அல்ல, ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கை இருக்கும் இடத்தைத்தான். எம்.யு.எல்.டி. என்று இருந்தது. பல முறை. அப்புறம்தான் காபி போட்டேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால் சவுத்தாம்ப்டனில் கப்பல் ஏறும் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற தம்பதி. நம் நாட்டுக்காரர்கள்தான், எங்களைவிட மூத்தவர்கள். கவுன்டர் பெண் பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். கையில் துறைமுகப் பட்டியல். அமெரிக்க விசாவைப் பார்த்து ஒரு டிக், பிரிட்டிஷ் விசாவுக்கு ஒரு டிக். ஷெங்கன் பக்கம் வந்ததும் விரல் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. நுழைவு எண்ணிக்கையில் 01. மேலதிகாரியைக் கூப்பிட்டாள். "திரும்பும்போது அசோர்ஸில் நாங்கள் இறங்கவே மாட்டோம், அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறோம்" என்று அந்தப் பெரியவர் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்கள் குரலை உயர்த்தவே இல்லை. வழியில் உள்ள எல்லா நாட்டுக்கும் செல்லுபடியாகும் விசா இருந்தால்தான் ஏற்ற முடியும், டிக்கெட் நிபந்தனையில் இருக்கிறது என்று ஒரு தாளை எடுத்து நீட்டினார்கள். அந்த அம்மா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தார். பார்க்கவே முடியவில்லை. அவர்கள் கப்பல் ஏறவில்லை.

"இறங்கவில்லை என்றால் எதற்கு விசா" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது, டிக்கெட் நிபந்தனையில் இடம் இல்லை. துறைமுகத்துக்குள் வந்துவிட்ட கப்பலில் இருப்பவர்களுக்கு அந்த நாட்டுக்காரர்களிடம் கப்பல் கம்பெனிதான் பொறுப்பு. உங்களுக்குத் திடீரென்று நெஞ்சுவலி வந்தால் அங்கேதான் இறக்கியாக வேண்டும். அமெரிக்கத் துறைமுகத்தில் இன்னும் கறார். ஃபோர்ட் லாடர்டேலில் ஊர் சுற்றும் எண்ணம் இல்லாதவர்கள் உட்பட எல்லாப் பயணிகளும் இறங்கிப் போய் அதிகாரி முன்னால் நின்றோம். என் கணவருக்கு முட்டிவலி, நாற்காலி கேட்டு வாங்கினேன். (சில நாடுகள் கப்பலில் வந்து அன்றே திரும்புகிறவர்களுக்குச் சலுகை தருகின்றன, அது எனக்கும் தெரியும், கமெண்டில் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் அந்தச் சலுகை இந்திய பாஸ்போர்ட்டுக்கும் உண்டு என்று கப்பல் கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்காமல் நம்பிப் போகாதீர்கள்.)

என் நாத்தனார் மகன் சியாட்டிலில் இருக்கிறான். அப்பா அம்மாவை அலாஸ்கா கப்பலில் கூட்டிப்போக நினைத்தவன், "சியாட்டிலும் அமெரிக்கா, அலாஸ்காவும் அமெரிக்கா, அதே விசா போதும் அத்தை" என்றான். நான்தான் பயணத் திட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். கடைசி நாள் மாலை கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம். அது சும்மா ஊர் காட்ட அல்ல. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையிலேயே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886இல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அந்தச் சில மணி நேரத்துக்காக நம்மவர்கள் கனடா விசா வாங்க வேண்டியிருக்கிறது. அவர்கள் வாங்கித்தான் போனார்கள்.

உங்கள் கப்பல் பிரேசில் பக்கமோ கென்யாவின் மொம்பாசா பக்கமோ போகிறதா? அப்படியானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழும் வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும். அந்த நாடுகளை விட்டு 6 நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் இங்கேயே தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நம் பெயர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. எனக்கு இருப்பது அப்பா வைத்த ஒரே பெயர், இனிஷியல் இருந்தது, அது அலுவலகக் கோப்போடு போயிற்று. கப்பல் கம்பெனியின் இணையதளமோ அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாது. மகள் அவசரத்தில் அவளுடைய அப்பா பெயரை அங்கே போட்டுவிட்டாள். பாஸ்போர்ட்டில் ஒன்று, டிக்கெட்டில் ஒன்று. அமெரிக்கப் படிவத்திலோ ஒரே பெயர் உள்ளவர்கள் அதைக் குடும்பப் பெயர் இடத்தில் எழுதிவிட்டு, இயற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுத வேண்டும். விசாவிலும் அப்படியே அச்சாகி வந்தது. உறவில் சின்னப் பிள்ளைகள் இன்றைக்கும் என்னை எஃப்.என்.யு. பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். டிக்கெட்டில் பெயரைத் திருத்த நான் அனுப்பிய மின்னஞ்சல்களை அச்சடித்தால் ஒரு ஃபைல் நிறையும். ஒவ்வொரு முறையும் வேறொருவர் முதலிலிருந்து கேட்பார். உலகத்தில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருந்தே தீரும் என்று யார் முடிவுசெய்தது? சாதிப் பெயர் வேண்டாம் என்று ஒரு மாநிலமே விட்டுவிட்டு நிமிர்ந்து நிற்கிறது, அதற்கு ஒரு கட்டம் ஒதுக்க இவர்களுக்கு மனம் வரவில்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க முடியாது என்றே அறிவித்தது. துபாயிலிருந்து கிளம்பும் கப்பலாக இருந்தால் இது உங்களுக்கும் தலைவலி.

பாஸ்போர்ட் மறு வழங்கலில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயர் இடத்தில் சேர்க்க முடியும். ஆனால் முதல் விசாவுக்கு முன்னால் செய்தால்தான் பிரயோஜனம், விசா ஒட்டிய பிறகு செய்தால் எல்லாவற்றிலும் பெயர் இடிக்கும். அப்படியே காலாவதித் தேதியையும் பாருங்கள். கப்பல் கிளம்பும் நாளிலிருந்து அல்ல, திரும்பி வரும் நாளிலிருந்து 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. வெற்றுப் பக்கங்களையும் எண்ணுங்கள். அதிகம் பயணம் போகிறவர்கள் 60 பக்கப் புத்தகமாகவே கேட்டு வாங்கலாம்.

விதிகளும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும். நான் ஏஜென்ட் இல்லை, யாரிடமும் கமிஷன் வாங்கவில்லை. அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். அதற்கு முன்னால் இன்றைக்கே உங்கள் அப்பா அம்மா பாஸ்போர்ட்டை எடுத்து அந்தக் குடும்பப் பெயர் இடத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால் கப்பல் கம்பெனிக்கு மீதிப் பணம் கட்டுவதை நிறுத்தி வைத்துவிட்டு, பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் அப்பாயின்ட்மென்ட் போடுங்கள்.